3,48,65,15,199: நம்ம ஊர்ப் பக்கத்தில் தீர்ந்த ஒரு பெட்டிக் கணக்கு

மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் கிடையாது. ஒரே ஒரு எண்ணைப் பத்தியும், அந்த எண்ணோட கழுத்தைப் பிடிச்சு உண்மையைச் சொல்ல வெச்ச ஒரு மனுஷனைப் பத்தியும் எழுதப் போறேன். நீளமான த்ரெட். டீயை வாங்கி வெச்சுக்கிட்டு உட்காருங்க.

எண் இதுதான்: 3,48,65,15,199. வாய்விட்டுச் சொன்னா 348 கோடியே 65 லட்சத்து 15 ஆயிரத்து 199.

பார்க்க எந்த விசேஷமும் இல்லாத எண். லாட்டரிச் சீட்டு நம்பர் மாதிரி இருக்கு. ஆனா இதுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. உலகத்துல இருக்கிற அத்தனை முழு எண்களையும் வரிசையா நிக்க வெச்சு, ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுத்தா, இதை விட அதிகமா மல்லுக்கட்டுற எண் ஒண்ணுகூட இல்லை. கோடி கோடியா, அதுக்கு மேலயும் முடிவே இல்லாம போற எண்கள்ல, ஒண்ணுகூட.

"ஒண்ணுகூட இல்லைன்னு எப்படி டாக்டர் சொல்றீங்க? எல்லாத்தையும் பார்த்தாச்சா?"

சரியான கேள்வி. இந்த த்ரெட்டே அந்தக் கேள்விக்குத்தான். அதுக்கு விடை கண்டவர்கள்ல ஒருத்தர், இந்தச் சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டுல இருந்து புவனகிரி வழியா பஸ் ஏறினா இறங்குற அண்ணாமலை நகர்ல உட்கார்ந்துதான் அதைக் கண்டார்.

முதல்ல அந்த வேலை என்னன்னு பார்ப்போம். இதுக்கு விருத்தாசலம் போகணும்.

விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை செய்றாங்க, தெரியும்தானே. அதை அட்டைப்பெட்டியில அடுக்குற வேலை பார்க்கிறவங்க முதுகுவலின்னு என்கிட்ட வருவாங்க. அவங்களை நினைச்சுக்கிட்டுத்தான் இந்த உதாரணம். பெட்டி எல்லாமே நீளம், அகலம், உயரம் மூணும் சமமா இருக்கிற பெட்டின்னு வெச்சுக்குங்க. ஒரு பொம்மை பிடிக்கிற பெட்டி. அடுத்தது 2×2×2, அதாவது 8 பொம்மை. அடுத்தது 3×3×3, 27 பொம்மை. அப்புறம் 64, 125, இப்படி. ஒரே நிபந்தனை: பெட்டியில இடம் காலியா இருக்கக் கூடாது, ஆடினா பீங்கான் உடைஞ்சிடும்.

இப்போ 23 பொம்மைக்கு ஆர்டர் வருது. எத்தனை பெட்டி வேணும்? 27 பெட்டி பெருசு, ஆகாது. 8 பெட்டி ரெண்டு போட்டா 16. மிச்சம் 7. அந்த ஏழுக்கும் தனித்தனியா ஏழு குட்டிப் பெட்டி. மொத்தம் 9.

28 பொம்மைன்னா ரெண்டே பெட்டியில முடிஞ்சிருக்கும். 27 ஒண்ணு, 1 ஒண்ணு. 23 சின்ன எண்ணா இருந்தும் 9 கேட்குது. காரணம், 27க்கு எட்டாத தூரத்துல, 8க்கு மேல 8 போட்டும் மிச்சம் அதிகமா நிக்கிற இடத்துல அது மாட்டிக்கிச்சு.

கேள்வி: 9 பெட்டிக்கு மேல கேட்கிற ஆர்டர் ஏதாவது உண்டா? ஒரு லட்சம் பொம்மை? பத்துக் கோடி?

1770ல இதைக் கேட்டவர் எட்வர்ட் வாரிங். கேம்பிரிட்ஜ்ல ஐசக் நியூட்டன் உட்கார்ந்த அதே லூகாசியன் பேராசிரியர் நாற்காலியில உட்கார்ந்தவர். இன்னொரு விஷயம், அவர் எங்க ஆளு! மருத்துவப் பட்டம் வாங்கி, கேம்பிரிட்ஜ் அடன்புரூக்ஸ் மருத்துவமனையிலயும் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். கிட்டப்பார்வை ரொம்ப அதிகம், கூச்ச சுபாவம் வேற. மருத்துவத் தொழில் ஒத்து வரலை, விட்டுட்டார். நோயாளிகளுக்கு நஷ்டமான்னு தெரியாது, கணக்குக்கு லாபம்.

வாரிங் எழுதி வெச்சது இதுதான்: எந்த முழு எண்ணையும் நாலு வர்க்க எண்களுக்குள்ள கூட்டிச் சொல்லிடலாம், 9 கன எண்களுக்குள்ள சொல்லிடலாம், 19 நாலாம் அடுக்கு எண்களுக்குள்ள சொல்லிடலாம், இப்படியே மேலேயும். சொன்னாரே தவிர நிரூபிக்கலை. ஒரு டாக்டர் நோயைப் பார்த்த உடனே கண்டுபிடிச்சுட்டு, லேப் ரிப்போர்ட்டை அடுத்த தலைமுறைக்கு விட்டுட்டுப் போன மாதிரி.

வர்க்கத்துக்கு நாலு போதும்னு அதே 1770ல லக்ராஞ்ச் நிரூபிச்சிட்டார். கனத்துக்கு 9 போதும்னு சொல்ல 1912 வரைக்கும் ஆச்சு. நடுவுல 1909ல ஜெர்மனியில ஹில்பர்ட் ஒரு பெரிய விஷயத்தைச் செஞ்சார். எந்த அடுக்கு எடுத்தாலும் ஏதோ ஒரு உச்ச வரம்பு கண்டிப்பா இருக்குன்னு நிரூபிச்சார். எவ்வளவுன்னு சொல்லலை. "இந்தக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கு, டோஸ் மட்டும் தெரியாது" அப்படிங்கிற கதை. நோயாளிக்கு அது ஆறுதல், டாக்டருக்குத் தலைவலி.

இப்போ நம்ம எண்ணுக்கு வருவோம். இது 20ஆம் அடுக்குக் கணக்கு. 20ஆம் அடுக்குக்கு கண்ணால பார்க்கிற பெட்டி கிடையாது, கொள்ளளவை மட்டும் எடுத்துக்குங்க. முதல் பெட்டி ஒரு பொம்மை. ரெண்டாம் பெட்டி, இரண்டை இருபது தடவை போட்டுப் பெருக்கினது: 10,48,576. மூணாம் பெட்டி, மூணை இருபது தடவை: 3,48,67,84,401. நடுவுல வேற பெட்டியே கிடையாது. பத்து லட்சத்துல இருந்து ஒரே தாவு, 348 கோடிக்கு!

நம்ம ஆர்டர் 3,48,65,15,199 பொம்மை. மூணாம் பெட்டியை நிரப்ப 2,69,202 பொம்மை குறையுது. ஆக அது போச்சு. ரெண்டாம் பெட்டியை எத்தனை போட முடியும்? 3,324. அதுக்கு மேல ஒண்ணு போட்டா சரியா ஒரே ஒரு பொம்மை பத்தாது. ஒண்ணே ஒண்ணு! அந்த ஒண்ணு இல்லாததால மிச்சம் இருக்கிற 10,48,575 பொம்மைக்கும் தனித்தனிப் பெட்டி. மொத்தம் 10,51,899 பெட்டி. வேற எப்படி அடுக்கினாலும் இதுக்குக் குறையாது, ஏன்னா கையில இருக்கிறதே ரெண்டு அளவுதான்.

இந்த எண் தற்செயலா கிடைச்சது இல்லை. மூணாம் பெட்டிக்குள்ள ரெண்டாம் பெட்டி எத்தனை முழுசா அடங்கும்னு பாருங்க, 3,325. அத்தனை பெட்டியும் நிறைய ஒரே ஒரு பொம்மை குறையுற மாதிரி ஆர்டர் போடுங்க. அவ்வளவுதான். எந்த அடுக்குக்கும் இப்படி ஒரு தொல்லை பிடிச்ச எண்ணை உருவாக்கலாம். இதை வாரிங் காலத்துலயே கவனிச்சுச் சொன்னவர் புகழ்பெற்ற ஆய்லரோட மகன், யோஹான் ஆல்பிரெக்ட் ஆய்லர். மூணாம் அடுக்குக்கு அந்த எண் 23. நாலாம் அடுக்குக்கு 79, அது 19 பெட்டி கேட்கும். ஆறாம் அடுக்குக்கு 703. அதோட பெட்டிகள் 1, 64, 729. பத்து 64 போட்டா 640, மிச்சம் 63, ஆக 73 பெட்டி. பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

இதுவரைக்கும் பள்ளிக்கூடக் கணக்கு. கஷ்டம் இனிமேதான்.

எங்க தொழில்ல ஒரு நோயாளியைப் பார்த்து, "இந்த மருந்துக்கு இப்படி ஒரு பக்கவிளைவு வரும்"னு ஒரு கேஸ் ரிப்போர்ட் எழுதிடலாம். ஒரு ஆள் போதும். ஆனா "இந்த மருந்துக்கு இதை விட மோசமா யாருக்கும், எப்பவும் வராது"ன்னு எழுத முடியுமா? பத்து லட்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்த பிறகும் எழுத மாட்டோம். "இதுவரை காணப்படவில்லை"ன்னுதான் எழுதுவோம். 'ஒருபோதும்' எங்க அகராதியிலேயே இல்லாத சொல்.

703க்கு 73 பெட்டி வேணும்கிறது கேஸ் ரிப்போர்ட். எந்த எண்ணுக்கும் 73க்கு மேல ஒருபோதும் வேண்டாம்கிறது வேற சாதி வாக்கியம். அதை எழுதினவர்தான் நம்ம ஆளு.

பேர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணக்கு உலகத்துல எஸ்.எஸ்.பிள்ளை. 1901ல குற்றாலத்துக்குப் பக்கத்துல வல்லத்துல பிறந்தவர். ஒரு வயசுலயே தாய் இல்லை. பள்ளிப் படிப்பு முடியற நேரத்துல தகப்பனாரும் போயிட்டார். படிப்பு அதோட நின்னிருக்கணும். சாஸ்திரியார்னு ஒரு வாத்தியார் பையனோட மூளையைக் கண்டுபிடிச்சு, பண உதவி செஞ்சு மேல படிக்க வெச்சார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, அப்புறம் 1927ல சென்னைப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி. அங்க வழிகாட்டினவர் கே.ஆனந்த ராவ். ராமானுஜன் கேம்பிரிட்ஜ்ல இருந்த காலத்துலயே அங்க படிச்சவர் ஆனந்த ராவ். இந்த இழை முக்கியம், கொஞ்சத்துல திரும்ப வரும்.

1929ல சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்குது. அதே வருஷம் பிள்ளை அங்க விரிவுரையாளரா சேர்றார். 1941 வரைக்கும் அங்கதான். பன்னிரண்டு வருஷம். அவர் வாழ்க்கையோட ஆகப் பெரிய வேலையெல்லாம் இந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குள்ளதான் வருது.

அந்தக் காலத்துல அண்ணாமலை நகர் எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. கணக்கு ஆராய்ச்சியோட தலைநகரங்கள் கேம்பிரிட்ஜ், கோட்டிங்கன், மாஸ்கோ, சிகாகோ. புது இதழ் கப்பல்ல வந்து சேரணும். பேச்சுத் துணைக்கு ஆள் தூரத்துல. சர்வதமன் சௌலா லாகூர்ல இருந்தார், அவரோட பிள்ளைக்குக் கடிதப் போக்குவரத்து, சேர்ந்து எழுதின கட்டுரைகளும் உண்டு. சிதம்பரத்துல இருந்து லாகூருக்கு ஒரு கடிதம், பதிலுக்கு ஒரு கடிதம். நாம வாட்ஸாப்ல ப்ளூ டிக் விழலைன்னு கோவப்படுறோம்.

சரி, எண்ணிக்கையில அடங்காத எண்களுக்கு "ஒருபோதும்"னு எப்படிச் சொல்றது? முழு நிரூபணத்தை இங்க எழுத எனக்குத் திராணி இல்லை. ஆனா அதோட எலும்புக்கூட்டைக் காட்ட முடியும்.

எண்களை ரெண்டு கூட்டமா பிரிக்கணும். ராட்சச எண்கள், மத்த எண்கள்.

ராட்சச எண்களுக்கு ஒரு கருவி இருக்கு. எண் பெருசாகப் பெருசாக, அதைப் பெட்டிகள்ல அடுக்குற வழிகளோட எண்ணிக்கையும் ஏறிக்கிட்டே போகும். அந்த எண்ணிக்கையைத் தோராயமா கணிச்சு, தோராயத்துல வர்ற பிழை அதை விடச் சின்னதுன்னு காட்டிட்டா, குறைஞ்சது ஒரு வழியாவது உண்டுன்னு ஆயிடும். ஒவ்வொண்ணா அடுக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கருவிக்கு வட்ட முறைன்னு பேர். முதல்ல எங்க வந்துச்சு தெரியுமா? 1918ல ஹார்டியும் நம்ம ராமானுஜனும் சேர்ந்து எழுதின கட்டுரையில. அது வேற கேள்விக்கு: ஒரு எண்ணை எத்தனை விதமா கூட்டலாப் பிரிச்சு எழுதலாம்? 200ஐ எடுத்துக்கிட்டா 39,72,99,90,29,388 விதம். மக்மகோன்ங்கிறவர் அதைக் கையால தனியா கணக்குப் போட்டு வெச்சிருந்தார். ராமானுஜன், ஹார்டி சூத்திரம் அதே எண்ணைக் கொண்டுவந்து கொடுத்துச்சு. அப்புறம் ஹார்டியும் லிட்டில்வுட்டும் அந்தக் கருவியை வாரிங் கேள்விக்குத் திருப்பினாங்க. 1930கள்ல ரஷ்யாவுல வினோகிரதோவ் அதை நல்லா சாணை பிடிச்சுக் கொடுத்தார்.

நம்ம கூட்டுரோட்டுல நின்னு பாருங்க. தெற்கே போற ரோடு கும்பகோணம், கருவி பிறந்த மூளை வளர்ந்த ஊர். கிழக்கே போற ரோடு சிதம்பரம், அந்தக் கருவியோட வம்சத்தை வெச்சு வேலை முடிச்ச ஊர்.

ஆனா ஒரு சிக்கல். "ராட்சச எண்"னு சொன்னேனே, அது எங்க ஆரம்பிக்குது? அந்த எல்லை பயங்கரத் தூரத்துல இருக்கும். கோடி, கோடிகோடி எல்லாம் அதுக்கு முன்னாடி தூசு. கீழ இருந்து ஒவ்வொண்ணா சோதிச்சுக்கிட்டு அந்த எல்லை வரைக்கும் போக யாராலயும் முடியாது, இன்னைக்கு இருக்கிற கம்ப்யூட்டரை வெச்சும். அதனால ஏணி போடணும். குறிப்பிட்ட ஒரு நீளத்துக்கு எல்லா எண்ணையும் இத்தனை பெட்டியில அடுக்கிடலாம்னு தெரிஞ்சா, கூட ஒரு பெட்டி கொடுத்து அதை விட நீளமான வரிசைக்குத் தாவலாம். இன்னொரு பெட்டி, இன்னும் பெரிய தாவல். இப்படி ஏறி ஏறி ராட்சச எல்லையைத் தொடணும். தொடறதுக்குள்ள பெட்டி தீரக்கூடாது. அதுதான் பந்தயம்.

இங்கதான் ஒரு வேடிக்கை. பெரிய அடுக்குதான் சுலபம்! 20ஆம் அடுக்குக்கு நம்ம கையில பத்து லட்சத்துக்கும் மேல பெட்டி பட்ஜெட் இருக்கு, தாராளமா ஏறலாம். 7ஆம் அடுக்குக்கு 143தான். 6ஆம் அடுக்குக்கு வெறும் 73. குழந்தை மருத்துவம் பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும். எழுபது கிலோ ஆளுக்கு டோஸ் எழுதறப்போ கை நடுங்காது. ஒண்ணரைக் கிலோ பச்சைக்குழந்தைக்கு எழுதறப்போதான் நாலு தடவை கணக்கு பார்ப்போம்.

1936ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல, ஒருத்தரை ஒருத்தர் சாராம, பெரிய அடுக்குகளை முடிச்சாங்க. ஒருத்தர் சிகாகோ பல்கலைக்கழகத்துல எல்.இ.டிக்சன். எண் கணிதத்தோட வரலாற்றையே பெரிய பெரிய புத்தகமா எழுதினவர், அப்பவே உலகப் புகழ். இன்னொருத்தர் அண்ணாமலை நகர்ல 35 வயசு பிள்ளை.

அவங்க ரெண்டு பேரும் கண்ட விதி ரொம்ப அழகு. மூணாம் பெட்டியை ரெண்டாம் பெட்டியால வகுங்க. ஈவு வரும், மீதி வரும். ரெண்டையும் கூட்டுங்க. அந்தக் கூட்டல் ரெண்டாம் பெட்டியைத் தாண்டலைன்னா, ஆய்லர் மகன் சொன்ன தொல்லை எண்தான் உலகத்துலயே மோசமான எண். அதை விட அதிகம் பெட்டி கேட்கிற எண் கிடையவே கிடையாது. 20ஆம் அடுக்குக்குப் பார்ப்போமா? ஈவு 3,325. மீதி 2,69,201. கூட்டினா 2,72,526. ரெண்டாம் பெட்டி 10,48,576. தாண்டலை. ஆக 3,48,65,15,199 கேட்கிற 10,51,899 பெட்டிதான் உச்சம். தீர்ப்பு முடிஞ்சது.

கூட்டல் தாண்டிட்டா என்ன ஆகும்? அதுக்கும் விடை கொடுத்திருக்காங்க, கொஞ்சம் மாறின சூத்திரம். சில ஓரக் கேஸ்கள் மட்டும் மிச்சம் இருந்துச்சு. அதை 1940கள்ல ருபுகுண்டேங்கிற இன்னொரு இந்தியரும், நிவனும் முடிச்சாங்க.

பிள்ளையோட 1936 வேலைகள்ல ஒரு பகுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட சொந்த இதழ்ல வந்துச்சு. எனக்கு இதுல ஒரு ஆதங்கம் உண்டு. டிக்சன் எழுதினா அமெரிக்க இதழ், அடுத்த மாசம் எல்லா நூலகத்துலயும் இருக்கும். சிதம்பரத்துல அச்சான இதழ் யார் மேசைக்குப் போய்ச் சேரும்? கண்டுபிடிப்பு ஒரே நேரத்துல நடந்தாலும், பேர் ஒரே வேகத்துல பரவாது. மருத்துவ ஆராய்ச்சியில இன்னைக்கும் இதே கதைதான், நல்ல வேலை செஞ்சுட்டு உள்ளூர் இதழ்ல போட்டா ஊர்க்காரனுக்கே தெரியாது.

ஆனா 6ஆம் அடுக்கு? அதுல பங்காளி யாரும் கிடையாது. பெரிய அடுக்குகளுக்குப் பயன்பட்ட ஏணி 73 பெட்டிக்குள்ள எட்டலை. கீழ இருந்தும் இறுக்கணும், மேல இருந்தும் இறுக்கணும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். பேப்பர், பென்சில், மடக்கை அட்டவணை. 1940ல பிள்ளை முடிச்சார். எந்த முழு எண்ணையும் 73 ஆறாம் அடுக்கு எண்களுக்குள்ள கூட்டிச் சொல்லிடலாம். 703தான் உச்சத்தைத் தொடுற சின்ன எண். உலகம் பூரா எந்தப் புத்தகத்துல வாரிங் கேள்வியைப் பத்திப் படிச்சாலும், "ஆறாம் அடுக்கு, 73, பிள்ளை, 1940"னு ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு விலாசம் அண்ணாமலை நகர்.

அதே காலத்துல பண்ணின இன்னொரு வேலையைச் சொல்லாம போக மனசு வரலை. இது பெரிய சாதனைன்னு சொல்ல மாட்டேன், ஆனா எனக்குப் பிடிச்சது இதுதான்.

அடுத்தடுத்து வர்ற எண்களை வரிசையா எடுத்துக்குங்க. ரெண்டு எண்ணுக்கு 1 தவிரப் பொதுவா ஒரு வகுஎண் இருந்தா, அவங்களுக்குள்ள 'தொற்று' இருக்குன்னு வெச்சுக்குவோம். 8க்கும் 10க்கும் 2 வழியாத் தொற்று. 7க்கும் 10க்கும் ஒண்ணும் இல்லை. பிள்ளை நிரூபிச்சது: அடுத்தடுத்த 16 எண்கள் வரைக்கும் எங்க வேணும்னாலும் எடுங்க, அதுல யார்கூடவும் தொற்று இல்லாத ஒரு ஆளாவது கண்டிப்பா இருப்பான். 17 எடுத்தா? உடைஞ்சிடும். 2184ல இருந்து 2200 வரைக்கும் பாருங்க. இரட்டை எண்களை விடுங்க, அவங்களுக்குள்ள 2 வழியா எப்பவும் உண்டு. ஒற்றைகள்? 2187, 2193, 2199 மூணும் 3ல மாட்டும். 2185, 2195 ரெண்டும் 5ல மாட்டும். 2191ஐ 7 பிடிச்சு 2184கிட்ட கொண்டுபோகும். 2189ஐ 11 பிடிச்சு 2200கிட்ட. 2197 தப்பிச்சிடும்னு நினைப்பீங்க. அது 13×13×13. 2184லயும் 13 இருக்கு! ஒருத்தர்கூடத் தப்பிக்கலை. குவாரன்டைன்ல வைக்க ஒரு ஆள்கூட மிஞ்சாத வார்டு.

16 வரைக்கும் உத்தரவாதம், 17ல காலி. ஏன் 16? அப்படித்தான். எண்களோட குணம் அது.

1941ல பிள்ளை சிதம்பரத்தை விட்டுத் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் போறார். 1942ல கல்கத்தா பல்கலைக்கழகம். 1950ல பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையத்துல இருந்து ஒரு வருஷத்துக்கு அழைப்பு வருது. ஐன்ஸ்டைன் இருந்த இடம். அதே சமயத்துல ஹார்வர்டுல உலகக் கணித மாநாடு. 1940ல நடக்க வேண்டியது, போரால பத்து வருஷம் தள்ளிப்போன மாநாடு. பதினாலு வருஷம் முன்னாடி சிதம்பரத்துல அச்சானதை, நேர்ல நின்னு சொல்ல ஒரு மேடை.

மாநாடு ஆகஸ்ட் 30 தொடங்கிடுச்சு. பிள்ளை வழியில இருந்தார். பம்பாய், கெய்ரோ, ரோம், நியூயார்க்னு போற டி.டபிள்யூ.ஏ. விமானம். ஆகஸ்ட் 31, கெய்ரோவுல இருந்து கிளம்பின கொஞ்ச நேரத்துல ஒரு இன்ஜின்ல தீ. திரும்பப் பார்த்திருக்காங்க, முடியலை. பாலைவனத்துல விழுந்துச்சு. உள்ள இருந்த 55 பேர்ல ஒருத்தரும் பிழைக்கலை. பிள்ளைக்கு வயசு 49.

32 வயசுல போன ராமானுஜனை நமக்குத் தெரியும், தெரியவும் வேணும். ஸ்டாம்ப் இருக்கு, சினிமா இருக்கு, கல்லூரிகளுக்குப் பேர் இருக்கு. 49 வயசுல போன இவரை, பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த ஊருக்கு ஒரு பஸ் தூரத்துல இருக்கிற நமக்கே தெரியலை. கிளினிக்ல கணக்கு வாத்தியார்கள் வந்தா கேட்டுப் பார்ப்பேன். பேரைக் கேட்டதும் நிமிர்ந்தவங்க ரொம்பக் கம்மி. அவங்க மேல குத்தம் இல்லை, பாடப்புத்தகத்துல இல்லாததை யார் சொல்லுவாங்க.

அவர் விட்ட இடத்துல இருந்து கதை கீழ இறங்குச்சு. 5ஆம் அடுக்குக்கு 37 போதும்னு 1964ல சீனாவுல சென் ஜிங்ருன் காட்டினார். நாலாம் அடுக்குக்கு வாரிங் சொன்ன 19 சரிதான்னு நிரூபணம் வர 1986 ஆச்சு. 216 வருஷம்! அதை முடிச்ச மூணு பேர்ல ரெண்டு பேர் பிரெஞ்சுக்காரங்க, ஒருத்தர் ஆர்.பாலசுப்பிரமணியன். பின்னாடி சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தோட இயக்குநரா இருந்தவர். பிள்ளையோட கட்டுரைகளைத் திரட்டி 2010ல தொகுப்பாக் கொண்டுவந்த ரெண்டு பதிப்பாசிரியர்கள்ல ஒருத்தரும் இவர்தான்.

ஒரு பாக்கி மட்டும் இன்னும் இருக்கு. ஈவையும் மீதியையும் கூட்டினா ரெண்டாம் பெட்டியைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு விதி பார்த்தோம் இல்லையா? அந்த விதியை மீறுற அடுக்கு ஒண்ணுகூட இதுவரைக்கும் சிக்கலை. 1990ல கம்ப்யூட்டர் வெச்சு 47 கோடியே 16 லட்சம் அடுக்கு வரைக்கும் பார்த்துட்டாங்க, எல்லாமே ஒழுங்கு. மீறுறவங்க இருந்தாலும் எண்ணி முடிக்கிற அளவுதான் இருப்பாங்கன்னு 1957ல மாலர் காட்டிட்டார். ஆனா மீறுறவங்களே கிடையாதுன்னு யாரும் இன்னும் நிரூபிக்கலை. இங்க மட்டும் கணக்குக்காரங்களும் எங்களை மாதிரியே "இதுவரை காணப்படவில்லை"ன்னுதான் எழுத வேண்டியிருக்கு.

வீட்டுல ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைங்க இருந்தா இந்த ஒண்ணை மட்டும் போடச் சொல்லுங்க. 7ஆம் அடுக்கு. மூணை ஏழு தடவை பெருக்கினா 2187, இரண்டை ஏழு தடவை பெருக்கினா 128. வகுத்தா ஈவு 17, மீதி 11. கூட்டினா 28, 128ஐத் தாண்டலை. அந்த 2187 யாருன்னு கவனிச்சீங்களா? மேல 17 பேர் வார்டுல நாலாவது கட்டில்ல படுத்திருந்த அதே ஆள்தான்.